என் பெயர் எழுதிய சீசா

முருகன் துணை

ஆலங்குறிச்சி போலீஸ் லைன்
18-8-1957

அமிர்தம்,

நீ ஆவூருக்குப் போய் இன்றோடு எழுபத்திரண்டு நாள். நான் உட்கார்ந்து எண்ணவில்லை. ஸ்டேஷன் டைரியில் தினமும் தேதி போடுகிறவனுக்கு அது தானாகத் தெரிந்துபோகிறது.

சண்டையைப் புதுப்பிக்க எழுதவில்லை. ஒரு செய்தி சொல்லத்தான். இன்ஸ்பெக்டர் பதவிக்கான பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. நாற்பத்தெட்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை இணைத்தபோது, ராஜாவின் போலீஸாகிய எங்களையும் மூட்டையோடு மூட்டையாகக் கட்டி இணைத்தார்கள். அன்றைக்கு நான் சப்-இன்ஸ்பெக்டர். இன்றைக்கும் அதே. எனக்கு ஆறு வருடம் பின்னால் காக்கி போட்ட சோலையப்பன் எனக்கு மேலதிகாரி. நான் பி.ஏ. படித்தவன். அவன் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தால்தான் திருடன் யார், பறிகொடுத்தவன் யார் என்று தெரியும். அவனுக்கு நான் சல்யூட் அடிக்கிறேன்.

இந்தத் தடவை விடப்போவதில்லை. செப்டம்பர் மூன்றாம் தேதி மருத்துவப் பரிசோதனை. அது ஒன்றுதான் பாக்கி. தேறியதும் அந்தச் சர்ட்டிபிகேட்டை உனக்கே அனுப்புகிறேன். "டாக்டரிடம் போய் ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கி வாருங்கள், அன்றைக்கே வந்துவிடுகிறேன்" என்று பஸ் ஏறும்போது நீதானே சொன்னாய்?

கான்ஸ்டபிள்கள் பார்க்க நான் காப்பித் தம்ளரை எறிந்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரையில்லாத காப்பியையும் உப்பில்லாத ரசத்தையும் ஒரு மனுஷன் எத்தனை நாள் சகிப்பான்? சாகப்போகிறவனுக்குச் சமைப்பதுபோல் நீ சமைத்தாய்.

இப்போது காலையில் ஓட்டல் பூரி. மத்தியானம் கிடைத்தால் சாப்பாடு. உன் சீப்பு ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன். வேண்டாமென்றால் இருக்கட்டும்.

நல்லதம்பி

*

ஆவூர்
22-8-1957

அத்தான் அவர்களுக்கு அமிர்தவல்லி வணக்கம்.

கடிதம் கிடைத்தது. பட்டியலில் பெயர் வந்தது சந்தோஷம்.

ஒன்றைத் திருத்த வேண்டும். ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கி வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட காட்டுங்க. என்ன இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. எது இருந்தாலும் அன்னைக்கே வந்துடுறேன்" என்றேன். நீங்கள் போலீஸ்காரர். நான் கொடுத்த வாக்குமூலத்தை உங்கள் வசதிக்கு மாற்றி எழுதக்கூடாது.

நீங்கள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்துத்தான் காப்பியில் சர்க்கரையை நிறுத்தினேன். வேப்பமரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி நீங்கள் நின்றதையும் பார்த்தேன். கேட்டதற்கு வாயு என்றீர்கள். அந்தச் சர்க்கரை வியாதியில் உங்கள் அப்பாவுக்குக் காலை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நான். உங்களையும் அப்படிப் பார்க்கத் தெம்பில்லை. அதற்காகத்தான் வந்தேன். வாத்தியார் வேலை ஆசையில் வரவில்லை, அது வந்த இடத்தில் கிடைத்தது.

மூன்றாம் வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு எதிரில்தான் பஸ் நிற்கிறது. காக்கி உடுப்பு எது இறங்கினாலும் என் கையில் சாக்பீஸ் நின்றுவிடும். பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிட்டது. நேற்று ஒருத்தி, "டீச்சர், அது தபால்காரருங்க" என்றாள்.

சீப்பை அனுப்ப வேண்டாம்.

அமிர்தவல்லி

*

ஆலங்குறிச்சி
5-9-1957

அமிர்தம்,

பரிசோதனை முடிந்தது. நூற்றுத்தொண்ணூற்றெட்டு பவுண்டு இருக்கிறேனாம். டேப்பை என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவர கம்பவுண்டர் கொஞ்சம் சிரமப்பட்டான். ரத்த அழுத்தம் சற்று ஜாஸ்தியாம். "பஸ்ல வந்த களைப்பா இருக்கும்" என்று டாக்டரே சொல்லிவிட்டார். சிறுநீர்ச் சீசாவும் கொடுத்தாகிவிட்டது. இந்த மாதக் கடைசியில் முடிவு வரும்.

துணைக்குச் சேவுகனைக் கூட்டிப் போயிருந்தேன். சந்தையிலிருந்து உனக்கு முருங்கைக்காய் கொண்டுவந்து போடுவானே, நாலாம் நம்பர் லைன் வீட்டுக் கான்ஸ்டபிள், அவன்தான். கல்யாண வீடுகளில் சோற்று அண்டாவைத் தனி ஆளாக இறக்குகிற உடம்பு. திரும்பி வரும்போது என்னவோ களைத்துப்போய், வழியில் பஸ் நின்ற இடமெல்லாம் இறங்கித் தண்ணீர் குடித்தான். "என்னடா, ஒட்டகமா நீ?" என்றேன். "வெக்கைங்கய்யா" என்றான்.

நேற்று அந்தியில் உன் கொடிக்கயிற்றில் என் சட்டையைக் காயப்போட்டேன். ஒரே ஒரு சட்டை. ஒரு முழக் கயிறு போதும் இனி என்று தோன்றியது. போகட்டும். இன்னும் மூன்று வாரம்தான்.

நல்லதம்பி

*

ஆவூர்
9-9-1957

அத்தான் அவர்களுக்கு,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். நெஞ்சு வலியைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். அவராகக் கேட்டிருக்க மாட்டார். சொன்னால்தானே தெரியும்?

இருந்தாலும் தலைமை ஆசிரியையிடம் கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டாம் பருவத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே வைத்திருக்கிறேன். இன்னும் எதையும் அடுக்கவில்லை. திறந்து திறந்து பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அமிர்தவல்லி

*

ஆலங்குறிச்சி
29-9-1957

அமிர்தம்,

உன் பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளிவிடு.

முடிவு வந்துவிட்டது. சிறுநீரில் சர்க்கரை, நாலு பிளஸ். "தற்காலிகமாகத் தகுதியற்றவர். டிசம்பரில் மறுபரிசோதனை." அந்த உறையை என் மேஜையில் வைத்தவன் சோலையப்பன். "அண்ணே, ஒடம்பப் பாத்துக்கங்கண்ணே" என்று வேறு சொன்னான். அண்ணனாம். என் பதவியில் இவன் உட்கார்ந்தபோது நான் அண்ணனாகத் தெரியவில்லை.

இது பொய் ரிப்போர்ட். ராஜாவின் ஆள் ஒருத்தனும் மேலே வரக்கூடாது என்று ஒன்பது வருடமாக நடக்கிற காரியத்தின் கடைசி அத்தியாயம். சும்மா கோபத்தில் சொல்லவில்லை. அந்த ரிப்போர்ட் என்னுடையதாக இருக்கவே முடியாது என்பது எனக்குச் சந்தேகமறத் தெரியும்.

வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. யாருக்காக ஏற்றுவது?

நல்லதம்பி

*

ஆவூர்
3-10-1957

அத்தான் அவர்களுக்கு,

பெட்டியை உள்ளே தள்ளவில்லை. எது இருந்தாலும் வருவேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். சர்க்கரை இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். சரி, வைத்தியம் பார்ப்போம். எந்தப் பஸ்ஸில் வரட்டும்?

ஆனால் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அது உங்களுடையதாக இருக்கவே முடியாது என்று எப்படித் தெரியும்? எறும்பைக் கண்ணால் பார்த்த எனக்கே நிச்சயமில்லை. உங்களுக்கு எப்படிச் சந்தேகமறத் தெரியும்?

மறைக்காமல் எழுதுங்கள்.

அமிர்தவல்லி

*

ஆலங்குறிச்சி
8-10-1957

அமிர்தம்,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

சீசாவில் இருந்தது என்னுடையது அல்ல. சேவுகனுடையது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், "இதுல கொஞ்சம் குடுடா" என்று சீசாவை நீட்டினேன். அவன் முழித்தான். "எதுக்குங்கய்யா?" "அய்யாவுக்கு ஜலதோஷம், வரமாட்டேங்குது" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான். சீசாவில் ஒட்டிய சீட்டில் என் பெயரை நானே எழுதினேன். உனக்குச் சர்ட்டிபிகேட் வேண்டும், எனக்குப் பதவி வேண்டும். இரண்டுக்கும் அந்த அண்டா தூக்குகிற உடம்பு போதும் என்று நினைத்தேன்.

நினைத்தது எப்படி முடிந்தது, பார்த்தாயா? அந்தப் பயல் காரியம் செய்திருக்கிறான். சோலையப்பன் சொல்லிக்கொடுத்து சீசாவில் சர்க்கரையைக் கரைத்திருக்கிறான். இல்லாவிட்டால் அந்த உடம்பில் ஏது நாலு பிளஸ்? அன்றிலிருந்து அவன் முகமே சரியில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், என்னைப் பார்த்தால் ஒதுங்குகிறான். குற்றமுள்ள முகம் எப்படியிருக்கும் என்று இருபத்து நாலு வருடமாகப் பார்க்கிறவன் நான்.

விடவில்லை. தினமும் உச்சி வெயிலில் டிரில் கொடுக்கிறேன். கஜானா வாசலில் பாராவுக்குப் போட்டேன். நேற்றுப் பட்டப்பகலில் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறான். சார்ஜ் மெமோ கொடுத்துவிட்டேன். வேலை போகும்.

இப்போது உன்னை வரச்சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் நிபந்தனையில் நான் கள்ளத்தனம் செய்தவன். ஆனாலும் ஒன்று எழுதுகிறேன். நேற்றுச் சோறு வடிக்கும்போது இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.

நல்லதம்பி

*

ஆவூர்
13-10-1957

அத்தான் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. இதைக் கிழிக்கக்கூடாது.

கோபமாக எழுதிய இரண்டு கடிதங்களை அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். இது மூன்றாவது.

இங்கே மிஷன் வைத்தியசாலையில் இன்னாசியம்மாள் என்று ஒரு நர்ஸ். எனக்குச் சினேகிதி. சர்க்கரை பார்க்கிற நீல மருந்து அவளிடம் இருக்கிறது. பெயர் ஒன்றும் சொல்லாமல், சீசாவில் யாராவது சர்க்கரையைக் கரைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஏன் டீச்சர், போலீஸ்காரு பொஞ்சாதிங்கிறதக் காட்டுறீங்களா?" என்று சிரித்தாள். ஆனால் செய்து காட்டினாள். என் டப்பாவிலிருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அந்த மருந்தில் விட்டுக் காய்ச்சினாள். நீலம் நீலமாகவே இருந்தது. கடைச் சர்க்கரைக்கு அந்த மருந்து நிறம் மாறாதாம். வியாதிக்காரர் உடம்பிலிருந்து இறங்குகிற சர்க்கரை வேறு ஜாதியாம். அதற்குத்தான் செங்கல் நிறம் வருமாம்.

ஆகவே சேவுகன் எதையும் கரைக்கவில்லை. ரிப்போர்ட் பொய்யில்லை. உங்கள் பெயரில் வந்த அவனுடைய ரிப்போர்ட் அது.

பஸ் நின்ற இடமெல்லாம் தண்ணீர் குடித்தான் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். கன்னம் ஒட்டிவிட்டது, பகலில் தூங்குகிறான் என்றும் நீங்கள்தான் எழுதினீர்கள். குற்றமுள்ள முகமில்லை அது. நோயாளி முகம். இன்னாசியம்மாளிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "யாரா இருந்தாலும் ஒடனே இன்சுலின் ஊசி போடணும் டீச்சர். நாள் கடத்துனா ஆள் கெடைக்காது" என்றாள்.

அவனுக்கு முப்பத்தொரு வயது. அவன் பெண்டாட்டி காத்தாயிக்கு மூன்று குழந்தைகள். இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அமிர்தவல்லி

*

ஆலங்குறிச்சி
19-10-1957

அமிர்தம்,

நீ எழுதியது நியாயம். ஒரு வாத்தியாரம்மாளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. சோலையப்பனைப் பற்றிய நினைப்பு எனக்கும் அந்த முகத்துக்கும் நடுவில் நின்றுகொண்டது.

சேவுகனைக் கூப்பிட்டேன். "ஒடம்பு சரியில்லாத மாதிரி இருக்கே, ஆஸ்பத்திரிக்குப் போயேண்டா" என்றேன். "எனக்கென்னங்கய்யா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றான். "லீவு தாரேன், போடா." "மெமோ இருக்கையில லீவு போட்டா சோம்பேறின்னு எழுதிடுவாங்கய்யா. சஷ்டிக்கு வெரதம் இருக்கலாம்னு இருக்கேன். முருகன் பாத்துக்குவான்" என்று போய்விட்டான்.

இதற்கு மேல் என்ன சொல்ல? உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். பொய்ச் சீசா கொடுத்தேன் என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வாயால் சொன்னால் அன்றோடு எல்லாம் முடிந்தது. பதவி மட்டுமா, பென்ஷனும்தான். டிசம்பர் மறுபரிசோதனை முடியட்டும். அடுத்த நாளே நானே அவனைத் திருச்சிக்குக் கூட்டிப் போகிறேன். ஆறு வாரம்தான். அண்டா தூக்குகிறவனுக்கு ஆறு வாரத்தில் என்ன ஆகிவிடும்?

தீபாவளிக்கு நீ வரமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் கடையில் உனக்கு அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன். கடைக்காரன், "அம்மா ஊர்லேருந்து வந்துட்டாங்களா?" என்றான். ஆமாம் என்றேன்.

நல்லதம்பி

*

ஆவூர்
24-10-1957

அத்தான் அவர்களுக்கு,

தீபாவளிக்கு நான் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஆறு வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இல்லாத உரிமை அது. உங்களுடைய ஆறு வாரமாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு விட்டுவிடுவேன். இது காத்தாயியுடைய ஆறு வாரம்.

நான் வந்து அவளிடம் சொல்லிவிடலாம். இரண்டு தடவை பஸ் நிற்கிற இடம்வரை போனேன். நான் சொன்னால் சேவுகன் பிழைப்பான். ஆனால் என் மூலமாகப் பிடிபட்டவராக நீங்கள் ஆகிவிடுவீர்கள். அதற்குப் பிறகு நம் வீட்டில் இரண்டு பேருக்குச் சோறு வடிக்க முடியாது. நீங்களாகச் சொன்னால் முடியும். அதனால் ஒரு வாரம் பார்க்கிறேன். முப்பத்தோராம் தேதிவரை. அன்று காலை முதல் பஸ்ஸில் ஆலங்குறிச்சிக்கு வருவேன். உங்கள் வீட்டுக்கு இல்லை, நாலாம் நம்பர் வீட்டுக்கு.

ஒரு வாரம் கொடுத்ததே தப்பு என்று மனசு சொல்கிறது. உங்கள் மேல் இருக்கிற ஆசைதான் இப்படி எழுத வைக்கிறது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

அமிர்தவல்லி

*

திருச்சி, பெரியாஸ்பத்திரி
ஆண்கள் வார்டு
4-11-1957

அமிர்தம்,

பென்சில்தான் கிடைத்தது. எழுந்து உட்காரக்கூடாதாம். படுத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் முப்பத்தோராம் தேதிக்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது. லைனில் யாராவது சொல்லியிருப்பார்கள். என் வாயாலும் கேள்.

இருபத்தெட்டாம் தேதி விராலிமலையில் சூரசம்ஹார பந்தோபஸ்து. ஜில்லாப் போலீஸில் பாதி அங்கேதான் நின்றது. சேவுகனைப் பாதிப் படியில் நிறுத்தியிருந்தேன். ஆறு நாள் விரதம், பச்சைத் தண்ணீர் மட்டும். மத்தியானம் மூன்று மணிக்குக் கீழே இருந்த என்னிடம் ஓடிவந்து சொன்னார்கள், சேவுகன் விழுந்துவிட்டான் என்று.

படி ஏறினேன். அந்த வாயு நெஞ்சுக்குள் கம்பியாக நீட்டிக்கொண்டிருந்தது. கவனிக்கவில்லை. போய்ப் பார்த்தால் படியில் கிடக்கிறான், பெருமூச்சு வாங்குகிறது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. சுற்றிலும் கூட்டம். "வெரத மயக்கம்யா, வேற ஒண்ணுமில்ல" என்று ஏட்டு பிச்சை சொல்கிறார். ஒரு அம்மாள் செம்பு நிறையப் பானகம் கொண்டுவந்துவிட்டாள். நல்ல வெல்லப் பானகம். "வாயில ஊத்துங்க, முருகன் பிரசாதம், எந்திரிச்சிருவாரு." பிச்சை அவன் வாயைப் பிளக்கிறார். சோலையப்பன் பக்கத்திலேயே நின்று, "ம், ஊத்துங்க, ஊத்துங்க" என்கிறான்.

அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

ஒரு நொடி பேசாமல் இருந்தேன். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், இருந்தேன். அப்புறம் செம்பைத் தட்டிவிட்டேன். அந்த அம்மாள், "அடப்பாவி, சாமி பிரசாதத்தை!" என்று கத்தினாள். "ஊத்தாதீங்க! அவனுக்குச் சர்க்கரை வியாதி!" என்றேன். பிச்சை நிமிர்ந்தார். "இவனுக்கா? ஒங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

"செப்டம்பர் மூணாம் தேதி பாத்தாச்சு. நாலு பிளஸ். என் பேருல."

சோலையப்பனுக்குத்தான் முதலில் புரிந்தது. என் முகத்தைப் பார்த்தான். "தூக்குங்கய்யா" என்றான். அவன் கால் பக்கம், நான் தலைப் பக்கம். எத்தனை படி இறங்கினோம் என்று தெரியாது. கீழே ஜீப்பில் அவனை ஏற்றியபோது என் இடது கை எனக்குச் சொந்தமில்லாததுபோல் தொங்கியது. சோலையப்பன் மடியில் என் தலை சாய்ந்தது என்று சொன்னார்கள்.

சேவுகன் பிழைத்துவிட்டான். இரண்டு நாள் நினைவில்லை, மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டானாம். ஆயுசுக்கும் தினம் ஊசி.

எனக்கு நெஞ்சில் கம்பிகளை ஒட்டி நீளக் காகிதத்தில் கோடு எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயது. "இது ஒங்களுக்கு முதல் அட்டாக் இல்லையே. முன்னாடி எப்ப கடுமையா வலிச்சுது?" என்றார். "போன தைப்பூசம்." "என்ன செஞ்சீங்க?" "சோடா குடிச்சேன்." "குடிச்சுட்டு?" "பந்தோபஸ்துக்குப் போனேன்." அவர் நர்ஸிடம் திரும்பி, "இந்த வார்டுல போலீஸ்காரங்க நாலு பேரு. நாலு பேரும் சோடா குடிச்சுட்டுப் போனவங்கதான்" என்றார். நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, தூக்கமில்லை, தொந்தி, கோபம், நோயைச் சொன்னால் வேலை போகும் என்ற பயம். எல்லாரும் ஒரே வழியில் இங்கே வந்து சேர்கிறார்களாம். அதிகாரியைவிடக் கோபம் சீக்கிரம் கொல்லுமாம். அதை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

காத்தாயி நேற்று என் கட்டிலுக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள் ஓர் இடத்தில் அழுகையை நிறுத்தினாள். "அம்மா கடுதாசி போட்டது எப்பங்கய்யா?" "போன மாசம் பதிமூணு." விரல் விட்டு எண்ணினாள். "பதினஞ்சு நாளு தெரிஞ்சே வச்சிருந்தீங்களா?" ஆமாம் என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.  

உன்னை வா என்று எழுத எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

நல்லதம்பி

*

ஆவூர்
11-11-1957

அத்தான் அவர்களுக்கு,

முப்பதாம் தேதியே செய்தி எட்டிவிட்டது, உடனே உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் வந்தேன். உங்களுக்குத் தெரியாது. ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்பக்கூடாது என்றாள் நர்ஸ். மூன்றிலிருந்து ஐந்துவரை பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பாதி நேரம் உங்கள் மூச்சை எண்ணினேன். மீதி நேரம் உங்களைத் திட்டினேன், மனசுக்குள்.

முகம் இளைத்திருக்கிறது. இடது பக்க மீசையில் வெள்ளை ஏறியிருக்கிறது. நான் இருந்தபோது இல்லை.

காத்தாயியையும் பார்த்தேன். பதினைந்து நாள் தெரிந்தவர்களில் நானும் ஒருத்தி என்று சொன்னேன். அவள் கடைசிக் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, சேவுகனுக்குக் கஞ்சி வாங்கப் போனாள். மன்னித்தாள் என்று இதற்கு அர்த்தமில்லை. குழந்தையை வைக்க வேறு இடமில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காததை நானே எழுதுகிறேன். நான் ஆலங்குறிச்சி லைன் வீட்டுக்குத் திரும்ப வரமாட்டேன். யார் பார்க்கிறார்கள், யார் சல்யூட் அடிக்கிறார்கள் என்று நீங்கள் எண்ணிக்கொண்டே வாழ்ந்த வீடு அது.

அமிர்தவல்லி

*

திருச்சி, பெரியாஸ்பத்திரி
6-12-1957

அமிர்தம்,

நீ வந்ததாக எழுதியதைப் படித்த பிறகு நான் பகலில் தூங்குவதை விட்டுவிட்டேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கிடந்தேன். பரீட்சை நேரம், வர முடியாது என்று தெரியும். இருந்தாலும்.

சோலையப்பன் வந்திருந்தான். சாத்துக்குடி கொண்டுவந்தான். குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஒரு வழி இருக்கு. சீசாவ அந்தப் பய தானாவே குடுத்தான், ஒங்களுக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுங்க. பென்ஷன் தப்பிச்சிரும்ணே" என்றான். ஒன்பது வருடமாக நான் வெறுத்த மனுஷன், எனக்கு நல்லது செய்ய வந்து நிற்கிறான். அவனைக் கெட்டவனாக வைத்திருப்பது சுலபமாக இருந்தது, அமிர்தம். நல்லவனாகப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது. இப்போதும் முழுசாக முடியவில்லை. அவன் சாத்துக்குடியைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் எழுதிக் கொடுத்தது வேறு. சீசாவை நான் கேட்டேன், சீட்டை நான் எழுதினேன், கான்ஸ்டபிள் சேவுகன் கஜானா வாசலில் தூங்கியது நோயினால், தெரிந்தும் நான் மெமோவைத் திரும்பப் பெறவில்லை. நாலு வாக்கியம். இருபத்து நாலு வருட சர்வீஸில் நான் எழுதிய மிகச் சிறிய ரிப்போர்ட். சேவுகன் மேலிருந்த மெமோ ரத்தாகிவிட்டது. அவனுக்கு இனி மேஜை வேலை. என் மேல் விசாரணை நடக்கிறது. வேலை போய்விடும். பென்ஷனில் என்ன மிஞ்சும் என்று தெரியாது. லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. ஆக, நீ வரமாட்டேன் என்ற வீடும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு காகிதம் இருக்கிறது. டாக்டர் கையெழுத்து. இதயத்தில் இரண்டு காயம். ரத்த அழுத்தம் இருநூறு. சர்க்கரை இரண்டு பிளஸ், இது என்னுடையதுதான், நர்ஸ் வாசலில் நின்று வாங்கிப் போனாள். என்ன இருக்கிறதோ அது எழுதியிருக்கிறது. நீ கேட்டது இதுதான். ஆறு மாதம் தாமதம்.

பதினாறாம் தேதி அனுப்பிவிடுவார்கள். உப்பு, சர்க்கரை, எண்ணெய், கோபம் எல்லாம் குறைக்க வேண்டும். பாரம் தூக்கக்கூடாது. கொஞ்ச நாளைக்குப் படி ஏறவே கூடாதாம். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்று நாளாகக் கேட்பதற்கு வார்த்தை தேடுகிறேன். பி.ஏ. படித்தும் கிடைக்கவில்லை. ஆகவே இப்படிக் கேட்கிறேன்.

ஆவூரில் உன் வீட்டு வாசலுக்கு எத்தனை படி?

நல்லதம்பி

*

ஆவூர்
9-12-1957

அத்தான்,

காகிதம் கிடைத்தது. இரண்டு காயம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பிறகு மடித்து வைத்தேன்.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன். நானே திருச்சிக்கு வருகிறேன். பஸ் வேண்டாம், குலுங்கும். இன்னாசியம்மாளின் தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறான், கேட்டிருக்கிறேன். அரக்குச் சேலை லைன் வீட்டில் இருந்தால் பிச்சையை விட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். மற்றச் சாமான்கள் பிறகு வரட்டும்.

ஊரில் கேட்பார்கள், வேலை என்ன ஆயிற்று என்று. உள்ளதைச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் நான் சொல்கிறேன்.

ஒரே அறைதான். ஜன்னல் பக்கம் உங்களுக்கு. காப்பியில் சர்க்கரை கிடையாது. எறிவதாக இருந்தால் இங்கே பித்தளைத் தம்ளர் இல்லை, கண்ணாடி. பார்த்து எறியுங்கள்.

படி மூன்று இருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலமே கொத்தனாரைக் கூப்பிட்டு இடித்துச் சரிவாகப் பூசச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. சிமெண்டு இன்னும் காயவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்கு நான் பின்வாசல் வழியாகத்தான் போனேன்.

உங்கள்
அமிர்தம்